தீப்பெட்டி ஆபீசிலிருந்து தில்லி ஆணையம் வரை: நம் கரிசல் பிள்ளைகளின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

நாளை டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள். எட்டயபுரம் களைகட்டும். நம் எப்போதும்வென்றான் பக்கத்துப் பிள்ளைகளும் போவார்கள். இன்றைய தேதிக்கும் நம் கரிசல் பிள்ளைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை யாரும் கொண்டாடுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் குல்தீப் சிங், பி.எல். ஹன்சாரியா, எஸ்.பி. மஜ்முதார் மூவரும் ஒரு தீர்ப்பு வழங்கினார்கள். வழக்கின் பெயர் 'எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு'. குழந்தைகளை முதலில் மீட்க வேண்டிய ஒன்பது தொழில்களை ஊர்ப் பெயரோடு அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். சூரத் வைரம், ஜெய்ப்பூர் கல் பட்டை தீட்டல், பிரோசாபாத் கண்ணாடி, மொராதாபாத் பித்தளை, மிர்சாபூர் கம்பளம், அலிகார் பூட்டு என்று போகும் அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது சிவகாசித் தீப்பெட்டி.

சிவகாசி என்று எழுதியிருந்தாலும் அது நம்மையும் சேர்த்துத்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அவர்கள் சிவகாசியில் போட்ட விதை சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று கரிசல் முழுக்கப் பரவியது. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி, உளுந்து. பொய்த்தால் ஒன்றுமில்லை என்ற மானாவாரி பூமி இது. வெள்ளாமை இல்லாத வருஷங்களில் அந்தத் தொழில் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த அடுப்பு எரிய யாருடைய கை வேலை செய்தது என்பதுதான் கேள்வி.

உங்களில் முப்பது வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு 'ஆபீஸ் பஸ்' என்றால் தெரியாது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கோழி கூவும் முன்னே ஊர் ஊராக வந்து ஆரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஏறும் கூட்டத்தில் பாதி, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயது. அதிலும் பெண் பிள்ளைகளே அதிகம். கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, எண்ணிக் கட்டுவது என எல்லாமே எண்ணிக்கைக்குத்தான் கூலி. வேகமாக ஓடும் சின்ன விரலுக்குக் கிராக்கி. முன்பணம் வாங்கியிருந்தால் காய்ச்சல் என்றாலும் போயாக வேண்டும். எங்கள் வருகைப் பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் 'நீண்ட நாள் வராதவர்' என்று குறிப்பு ஏறும் பெயர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுடையவை.

அப்போது சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. 1938இல் வந்த குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டத்தின் அட்டவணையில் தீப்பெட்டி, வெடி, பட்டாசு எல்லாம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. முதலில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் கூடாது என்றார்கள். சுதந்திரம் வந்தபின் அதைப் பதினான்கு ஆக்கினார்கள். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவும் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தொழிற்சாலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. பிறகு ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆபீஸ் பஸ் எப்படி ஓடியது?

இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, 1938 சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. குடும்பத்தார் உதவியோடு வீட்டில் நடக்கும் தொழிலுக்கு விலக்கு. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. சட்டம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர், அந்தத் தொழில் நன்றாக நடந்து ஊருக்கு வேலையும் அரசுக்கு வரியும் வர வேண்டும் என்ற அதே நிர்வாகத்தின் ஊழியர். மாற்றல் உத்தரவும் பதவி உயர்வும் அங்கிருந்தே வர வேண்டும். நல்ல அதிகாரிகள் இருந்தார்கள். நல்லவரை நம்பி மட்டும் ஓர் ஏற்பாட்டை விட்டுவைக்க முடியாது. வேலியே பயிரை மேய்ந்தால் என்று நம் பெரியவர்கள் சொன்னது ஆளைப் பற்றி மட்டுமில்லை, ஏற்பாட்டைப் பற்றியும்தான்.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பஞ்சாலைப் பிள்ளைகளுக்காக 1802இலும் 1819இலும் சட்டம் போட்டார்கள். அதைக் கவனிக்கும் பொறுப்பு உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்தது. அவர்களில் பலர் ஆலை முதலாளிகளோடு பழகும் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். சட்டம் காகிதத்தில் தூங்கியது. 1833 சட்டத்தில்தான் வெளியிலிருந்து நான்கு ஆய்வாளர்களை நியமித்தார்கள். நாடு முழுவதற்கும் நான்கே பேர். ஆனாலும் ஆலைக்குள் நுழையவும், பார்த்ததை எழுதி அறிக்கையாக மேலே அனுப்பவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆலைக்குள் நடப்பது நாட்டுக்குத் தெரிய ஆரம்பித்தது அந்த அறிக்கைகள் வழியாகத்தான்.

நம் பக்கத்திலும் அப்படித்தான் நடந்தது. உள்ளே இருப்பவர்கள் பழகிப்போய்ப் பார்க்காததை வெளியிலிருந்து வந்த கண்கள் பார்த்தன. 1976இல் ஹர்பன்ஸ் சிங் குழு, தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1979இல் மத்திய அரசு குருபாதசாமி குழுவை அமைத்தது. எண்பதுகளில் ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் வந்தார்கள். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் வந்தது.

1986இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதே ஆண்டில்தான் பழைய 1938 சட்டத்துக்குப் பதிலாகக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தது. நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கைப் பாருங்கள்: 1985 டிசம்பர் 31 அன்று சிவகாசிப் பகுதியில் பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221, தொழிலாளர்கள் 27,338, அதில் குழந்தைகள் 2,941. இது பதிவேட்டில் ஏறிய கணக்கு. பதிவில்லாத பட்டறையும் வீட்டுத் திண்ணையும் இதில் வராது.

1990 அக்டோபர் 31இல் முதல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ராவும் நீதிபதி எம்.எச். கனியாவும் சொன்னது இது: தீக்குச்சி, பட்டாசு செய்யும் வேலையில் பிள்ளைகள் கூடாது, ஆனால் உற்பத்தி நடக்கும் இடத்துக்குத் தள்ளி, கட்டி அடுக்கும் வேலையில் சேர்க்கலாம், பெரியவர் கூலியில் குறைந்தது 60 விழுக்காடு கொடுக்க வேண்டும், ஆளுக்கு 50,000 ரூபாய் காப்பீடு செய்ய வேண்டும். நீதிமன்றமே அன்று பாதி வழியில்தான் நின்றது.

மறு ஆண்டே சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் பெரிய விபத்து. இறந்தவர்கள் 39 பேர் என்று மாநில அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. அரசின் அறிக்கையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல், ஆர்.கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே.சி. துவா என்ற மூன்று வழக்கறிஞர்களை நேரே போய்ப் பார்த்து வரச் சொன்னது. அவர்களின் அறிக்கை 1991 நவம்பர் 11 தேதியிட்டது.

அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் இரண்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு: முதலாளி கொடுக்காவிட்டால், பள்ளியில் போடும் சத்துணவை அவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்றார்கள். காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் இதே கரிசலில்தான் இருக்கிறது. அங்கே 1956இல் வைத்த இலை, முப்பத்தைந்து வருஷம் கழித்தும் ஆபீஸ் பஸ் ஏறிய பிள்ளைக்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்றுதான் இந்தப் பதிவின் மையம். குழந்தைகள் நலனுக்கு ஒரு தேசிய ஆணையம் வேண்டும். குழந்தைத் தொழிலைப் படிப்படியாக ஒழிக்க அது திட்டம் போட வேண்டும். அந்த ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்கே நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த மூவரும் எழுதினார்கள். கவனியுங்கள், எந்த அமைச்சகத்துக்கும் கீழே இல்லை. சிவகாசித் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு வந்த முதல் யோசனைகளில் ஒன்று, எவருக்கும் கைகட்டாத ஒரு காவல் வேண்டும் என்பது.

1996 டிசம்பர் 10 தீர்ப்பு பல நல்லதைச் செய்தது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் போட வேண்டும். அதன் வருமானம், பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை குடும்பத்துக்குச் சேரும். ஆறு மாதத்தில் நாடு முழுக்கக் கணக்கெடுக்க வேண்டும். வேலைக்கு வைத்தவர் மேல் பொறுப்பு விழுந்தது இந்தத் தீர்ப்பில்தான். ஆனால் 25,000 ரூபாய்க்கு அன்றைய வட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் இருநூறு, இருநூற்றைம்பது.

மேற்பார்வை யாரிடம் போனது? தொழிலாளர் துறையில் ஒரு தனிப் பிரிவு, அதற்கு மேலே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம். ஆணையம் வரவில்லை. யார் கண்ணில் படாமல் இத்தனை வருஷம் பஸ் ஓடியதோ, காவல் திரும்பவும் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தது.

இதே காலத்தில் உலகத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 1981இல் நார்வே நாடு குழந்தைகளுக்கென்றே ஒரு குறைகேட்பாளரைச் சட்டம் போட்டு நியமித்தது. உலகத்தில் அதுதான் முதல். 1989 நவம்பர் 20இல் ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதில் சேர்ந்த நாள் 1992 டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள். சேரும்போதே, குழந்தைத் தொழில் பற்றிய 32ஆம் பிரிவைப் படிப்படியாகத்தான் நிறைவேற்ற முடியும் என்று ஒரு விளக்கத்தையும் இந்தியா கொடுத்தது. 2002இல் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு ஒரு விளக்கவுரை வெளியிட்டது. அதன் சாரம் எளிது. பெரியவருக்கு ஓட்டு உண்டு, சங்கம் உண்டு, வக்கீல் வைக்கலாம். பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. அதனால் பிள்ளைக்காகப் பேச, அரசிடமிருந்து தனித்து நிற்கும் அமைப்பு ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும்.

கடைசியில் 2005இல் நாடாளுமன்றம் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. 2007 மார்ச் மாதம் தேசிய ஆணையம் வேலையைத் தொடங்கியது. மூன்று வழக்கறிஞர்கள் எழுதிய அறிக்கைக்கும் இதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கல்லூரி முடித்திருக்கும்.

முதல் தலைவராக வந்தவர் பேராசிரியர் சாந்தா சின்ஹா. ஆந்திரத்தில் எம்.வி. பவுண்டேஷன் மூலம் பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்தவர். அதற்காக 2003இல் மகசேசே விருது பெற்றவர். பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான் என்பது அவர்கள் கொள்கை. சம்பளம் வாங்குகிறதா, வீட்டில் தம்பியைப் பார்க்கிறதா, ஆடு மேய்க்கிறதா என்று பிரித்துப் பார்க்காதே என்பார்கள். ஓர் ஆசிரியனாக எனக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தெரியாது.

இந்த ஆணையத்துக்கு என்ன அதிகாரம்? புகார் வாங்கலாம், தானாகவும் விசாரிக்கலாம். சிவில் நீதிமன்றம் போல ஆட்களை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். விடுதி, இல்லம், சிறார் காப்பகம் எங்கும் போய்ப் பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம், போக்சோ சட்டம் இரண்டும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கண்காணிக்கும் பொறுப்பும் பின்னால் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கும் இதே போல மாநில ஆணையம் உண்டு. ஆனால் முடிவில் பரிந்துரைதான் செய்யலாம், தண்டிக்க முடியாது. தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம்.

பரிந்துரை மட்டும் என்றால் பல்லில்லாத பாம்பு அல்லவா என்று கேட்பீர்கள். பல் இல்லாவிட்டாலும் சத்தம் போட முடிந்தால் பயன் உண்டு என்பதே நம் கரிசலின் அனுபவம். 1833இன் நான்கு ஆய்வாளர்களின் பலமும் சிவகாசி வந்த மூன்று வழக்கறிஞர்களின் பலமும், பார்த்ததை அப்படியே எழுதியதுதான். அப்படி எழுதச் சுதந்திரம் வேண்டும். அதனால் எந்தக் காவல் அமைப்பைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் நியமிக்கிறார்கள்? சம்பளமும் செலவும் யார் தருகிறார்கள்? யாருக்குப் பதில் சொல்கிறது?

தேசிய மனித உரிமை ஆணையத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமரோடு இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்களும் இருப்பார்கள். குழந்தைகள் ஆணையத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, துறை அமைச்சர் தலைமையில் மூன்று பேர் குழு. எதிர்க்கட்சிக்கு இடம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பணமும் அரசு வழியாகத்தான். யார் ஆண்டாலும் இது பொருந்தும், ஒரு கட்சியைச் சொல்லவில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது, ஆளே போடாமல் விடுவது. 2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெஹுரா வழக்கில், தேசிய, மாநில ஆணையங்களின் காலியிடங்களை நிரப்புங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. பூட்டிய வீட்டுக்குக் காவல்காரன் பெயர்ப் பலகை மட்டும் போதுமா?

1098 கதையும் இதே மாதிரிதான். 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாக, ஜெரூ பில்லிமோரியா தொடங்கியது அந்தத் தொலைபேசி உதவி. பல ஆண்டுகள் ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2023 முதல் அது அரசின் கைக்குப் போய், 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. போலீஸ் சீக்கிரம் வந்து சேரும் என்பது நல்லது. ஆனால் புகார் அரசு விடுதியைப் பற்றியதாக இருந்தால்? எடுப்பவரும் கேட்பவரும் ஒரே வீட்டார் ஆகிவிடக் கூடாது. அதற்காகத்தான் ஆணையம் வெளியே நிற்க வேண்டும்.

இன்று நம் பக்கத்தில் அந்தப் பஸ் இல்லை. அது ஒரே காரணத்தால் நின்றதில்லை. சத்துணவு, இலவச பஸ் பாஸ், பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள், தொழிலில் நுழைந்த இயந்திரம், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், நூறு நாள் வேலை, பெற்றோரின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்தன. நீதிமன்றமும் பத்திரிகையும் பார்த்துக்கொண்டே இருந்ததும் அதில் ஒரு காரணம். 2016 திருத்தத்துக்குப் பின் பதினான்கு வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. ஆனால் 1938இன் பழைய ஓட்டை இன்னும் கொஞ்சம் திறந்தே இருக்கிறது: பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு உண்டு. பிள்ளையின் ஆபத்து வடிவமும் மாறிவிட்டது. குழந்தைத் திருமணம், பாலியல் தொல்லை, விடுதிக் கொடுமை, வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு அழைத்து வரப்படும் பிள்ளைகள். இவை அதிகாலையில் ஆரன் அடித்துக்கொண்டு வருவதில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், ஊராட்சித் தலைவர்தான் அதன் தலைவர். உங்கள் ஊரில் அது கூடுகிறதா, கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேட்கலாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியைச் சரியாகக் கொடுங்கள். ஜூன் மாதத் தேதி ஒன்றைச் சும்மா போடும் பழக்கம் வேண்டாம். சிறார் நீதிச் சட்டப்படி வயதை முடிவு செய்ய முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றைத்தான். அந்தத் தேதி பிள்ளைக்கு ஒரு கவசம். வக்கீலான மாணவர்களே, மாநில ஆணையத்துக்குப் புகார் எழுத வழி தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். காவல் துறையிலும் வருவாய்த் துறையிலும் இருப்பவர்களே, வெளியிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டால் எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் கண்ணுக்குப் பழகிப்போனது அவர் கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பஸ்ஸில் போய்ப் பிறகு பள்ளிக்குத் திரும்பியவர்கள் இதைப் படிக்கும் உங்களில் சிலர் உண்டு. உங்கள் பிள்ளைகளிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். விருப்பமிருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை மணிக்குப் பஸ், எண்ணிக்கைக்கு என்ன கூலி என்று சின்னச் சின்ன விவரமாக எழுதினால் போதும். பதிவேட்டில் ஏறாத அந்தக் கணக்கை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை.